மருமகனுக்கு வெட்டின திறப்பு

மலை பார்க்க வேண்டும், குளம் பார்க்க வேண்டும், காட்டில் மிருகம் பார்க்க வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஒரு நாளும் ஆசை இருந்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறுகா என்னை ஒரு பயணக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். கல்முனையில் கடற்கரைக்கு நாலு வீடு தள்ளிப் பிறந்தவள் நான். காற்று வேண்டுமென்றால் யன்னலைத் திறந்தால் காணும். போன வருசம் இரண்டு நாள் காரில் குந்திக்கொண்டு அத்தனை குளத்தையும் மலையையும் பார்த்துவிட்டு வந்தது ஒரேயொரு காரியத்துக்காக. மகளுக்கு மாப்பிள்ளை எடுக்க.

எடுக்க என்றுதான் சொல்வோம். எங்கட பக்கத்தில் பெண் புருசன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார், வந்து அங்கேயே இருந்துவிடுவார். வீடு உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். நாங்கள் இருக்கும் வீடு என் உம்மா எனக்குத் தந்தது. அதன் மேலே என் ஒரே மகளுக்கென்று ஒரு மேல்வீடு கட்டினேன். எட்டு வருசம் கட்டினேன். ஒவ்வொரு வெள்ளாமை வெட்டி முடியவும் ஒரு சுவர், ஒரு கதவு, ஒரு குளியலறை என்று அது வளர்ந்தது. மேசன்மாரோடு நான் பிடித்த சண்டையில் பாதி ஊர் எனக்குப் பயந்தது. மற்றப் பாதி ஏற்கெனவே பயந்துதான் இருந்தது.

மாப்பிள்ளைப் பொடியன் மலைநாட்டான். எங்கட மார்க்கம்தான், நல்ல குடும்பம்தான், ஆனால் வீடு கண்டிக்கு இஞ்சால் எங்கேயோ ஒரு மலைச்சரிவில். மகள் பேராதெனிக் கெம்பஸில் படித்தபோது கண்டுபிடித்த சாமான். நான் தேடியிருந்தால் அக்கரைப்பற்றுக்கு அப்பால் போயிருக்க மாட்டேன். என்ன செய்ய, பிள்ளை ஆசைப்பட்டுவிட்டது. பொடியனின் உம்மாவும் வாப்பாவும் ஒரு தரம் எங்கட வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மேல்வீட்டை ஏறிக் காட்டினேன். அந்த மனிசி தரையோட்டைத் தடவிப் பார்த்து, “மாஷா அல்லாஹ், லீவுக்குப் பிள்ளைகள் வந்தா நல்ல வசதி” என்றா. அவவின் மற்றப் பிள்ளைகளைச் சொல்கிறா போல என்று நினைத்தேன். வரட்டுமே, நாலு பேர் வந்து தங்கினால் என்ன?

கலியாணம் முடித்த பிறகு யார் எங்கே இருப்பது என்று இரண்டு பக்கத்திலும் ஒரு வாய் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? பெருநாளைக்குக் குளிப்பீர்களா என்று யாராவது கேட்பார்களா?

நான் வெள்ளணவே, பயணத்துக்கு எவ்வளவோ முந்தி, ஆயத்தமாகிவிட்டேன். கேற்றுப் பூட்டுக்கு ஒரு திறப்பும் மேல்வீட்டுக் கதவுக்கு ஒரு திறப்பும் புதிதாக வெட்டி, ஒரு வளையத்தில் கோர்த்து, சிவப்பு ரிபன் கட்டி, பழைய தோட்டுப் பெட்டி ஒன்றுக்குள் வைத்தேன். பொடியனின் உம்மாவின் கையில் கொடுத்து, மருமகனுக்குக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். இது ஒரு வழக்கமும் இல்லை, என் மூளையில் உதித்தது. மற்றப்படி எங்கட வீட்டில் திறப்பெல்லாம் என் இடுப்பில்தான். என் புருசன் வயலால் வந்தால் கேற்றடியில் நின்று ஹோன் அடிப்பார். நான் போய்த் திறப்பேன், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பேன், அவர் சிரிப்பார். இருபத்தெட்டு வருசமாக அப்படித்தான்.

பேச்சும் ஒன்று பாடம் பண்ணி வைத்திருந்தேன். மகனைக் கொடுக்கிற உம்மா அழத்தான் செய்வா, அது எனக்குத் தெரியாதா? “அழாதீங்க மச்சி. மகன நாங்க எங்கட புள்ளயப் போலப் பாத்துக்குவம். நெனச்ச நேரம் வந்து பாருங்க.” குசினிக்குள் தேங்காய் துருவும்போது பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன். ஒன்பதாவது தரம் எனக்கே கண் கலங்கியது.

கலியாணம் பேசி முடிக்கப் போன பயணத்தைக் குளமும் மலையுமாக ஆக்கினது மகள்தான். “நேர போனா அலுப்பு உம்மா, பாத்துப் பாத்துப் போவம்” என்று போனில் ஒரு பட்டியல் போட்டிருந்தாள். விடியச் சுபஹு தொழுத கையோடு வெளிக்கிட்டோம். என் புருசன் கார் ஓட்ட, நான் பக்கத்தில் சோற்று வாளியும் தொதல் பலகாரப் பெட்டியும் மடியில் திறப்புப் பையுமாக, பின்னால் மகள் வழிகாட்டி.

முதலில் அம்பாறை தாண்டி இங்கினியாகலை. எங்கட வயலுக்கு வாய்க்கால் வழியாக வருகிற தண்ணி முழுக்க சமுத்திரம் என்கிற அந்தப் பெரிய குளத்தில்தான் நிற்கிறது. சுற்றிவர மலை, நடுவில் திட்டுத்திட்டாகக் காடு. வெள்ளைக்காரர் இரண்டு பேர் வாயைப் பிளந்துகொண்டு படம் எடுத்தார்கள். என் புருசன் அணைக்கட்டில் ஏறி நின்று கண்ணைச் சுருக்கி, “இந்தப் போகத்துக்குத் தண்ணி காணும்” என்றார். அவ்வளவுதான் அவருக்கு இயற்கை அழகு.

தோணியில் ஏற்றித் தேசியப் பூங்காவுக்குள் கொண்டுபோனார்கள். யானை ஒரு திட்டிலிருந்து மறு திட்டுக்கு நீந்திப் போகுமாம், அதைப் பார்க்க வேண்டுமாம். அறுவடை நேரம் அதே யானை எங்கட வயலில் இறங்கினால் வெடி கொளுத்திக் கத்தித் துரத்துகிறோம். இங்கே டிக்கட் எடுத்து, சத்தம் போடாமல் இரு என்று எங்களுக்கே சொல்கிறார்கள். ஒரு மணித்தியாலம் காத்திருந்து ஒரு தும்பிக்கை நுனி தெரிந்தது. மகள் “உம்மா, உம்மா!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்தச் சந்தோசத்தைப் பார்க்க, சரி போகட்டும், யானையும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

மஹா ஓயாவில் சுடுதண்ணிக் கிணற்றில் கால் வைத்து, பதியத்தலாவையில் மரத்துக்குக் கீழே பாய் விரித்துச் சோறு தின்று, மஹியங்கனைக்குப் பிறகு ரந்தெனிகலைப் பக்கம் திரும்பினோம். அதற்குப் பிறகு ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் குளம். பச்சைத் தண்ணி, வளைவுக்கு வளைவு ஒரு பள்ளம். யானை கடக்கும் இடம் என்று பலகை. ஒவ்வொரு வளைவிலும் நான் கலிமா சொன்னேன். என் புருசனோ வயலுக்கு டிராக்டர் ஓட்டுகிற மாதிரி ஒரு கையால் ஓட்டினார். மகள் அடிக்கடி, “வடிவா இரிக்குதானே உம்மா? பாதை சுகம்தானே?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நாலாவது தரம் கேட்டபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கலியாணத்துக்கு முந்திப் பெண் பிள்ளை மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுவது அழகில்லை. அதனால் மகளை நாங்கள் தங்குகிற இடத்தில் விட்டுவிட்டு, பின்னேரம் அசருக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் போனோம். நல்ல வீடு. குளத்தைப் பார்த்த சரிவில் கறுவா மரமும் பலா மரமும். தேத்தண்ணி வந்தது, நாலு வகைப் பலகாரம் வந்தது. பொடியனின் உம்மா என் கையைப் பிடித்து, “வாங்கோ, ஒண்டு காட்டோணும்” என்று உள்ளே கூட்டிப்போனா.

ஓர் அறை. புதுப் பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. புது அலுமாரி, புதுக் கட்டில், கண்ணாடி மேசை. யன்னலைத் தள்ளித் திறந்தா. கீழே குளம் முழுக்கத் தெரிந்தது.

“மகளுக்குத்தான்” என்றா. “காலைல இதில குந்தித் தேத்தண்ணி குடிக்கலாம். எங்கட மருமகள் எண்டா ராணிதான்.”

எனக்கு விளங்கச் சரியாக அலுமாரியின் மூன்று கதவையும் எண்ணுகிற நேரம் எடுத்தது. என் மகளை இங்கே வைத்திருக்கப் போகிறார்கள். இந்த அறையில். எட்டு மணித்தியாலக் கார்ப் பயணத்துக்கு அங்கால்.

அதற்குள் அந்த மனிசி என் முகத்தைப் பார்த்துவிட்டா. இரண்டு கையாலும் என் கையைப் பொத்திப் பிடித்தா. “அழவாணாம். மகள நாங்க எங்கட புள்ளயப் போலத்தான் பாத்துக்கொள்ளுவம். நெனச்ச நேரம் வந்து பாருங்கோ.”

யா ரப்பே! என் பேச்சு! தேங்காய் துருவித் துருவி நான் பாடம் பண்ணின பேச்சை, ஒரு சொல் குறையாமல், இந்த மனிசி எனக்கே சொல்கிறா. வாய் திறந்தால் ஊரை இரண்டாக்குகிறவள் நான், அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு “ஓம்”. தோட்டுப் பெட்டி பைக்குள்ளேயே கிடந்தது. பின்னால் நின்ற என் புருசன் யன்னலால் எட்டிப் பார்த்து, “இதிலயும் தண்ணி நல்லா நிக்கி” என்றார். அந்த நேரம் அவரை அந்தக் குளத்துக்குள் தள்ளிவிட்டிருந்தால் அல்லாஹ் என்னை மன்னித்திருப்பான்.

தங்கும் இடத்துக்கு வந்து நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள், தன்பாட்டில் போய்ப் படுத்துவிட்டாள். விடிந்ததும் காரில் ஏறினோம். ஒரு வளைவு, இரண்டு வளைவு, பத்து வளைவு. கலிமாகூட மனதுக்குள்தான் சொன்னேன். இந்தக் கலியாணம் நடக்காது, ஊருக்குப் போய் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவேன் என்று முடிவு கட்டியிருந்தேன். அதைச் சொல்ல ரந்தெனிகலைக் குளம் தெரிகிற ஒரு நீட்டுப் பாதையில் வாயைத் திறந்தேன்.

அவர் காரை நிறுத்தினார். முன்னால், ஒரு கல்லெறி தூரத்தில், றோட்டுக்கு நடுவே ஒரு யானை.

நேற்றைக்குத் தும்பிக்கை நுனியைக் காட்டப் படாத பாடு பட்டது, இன்றைக்கு முழு உடம்போடும் வந்து நின்றது. பக்கவாட்டில் திரும்பி, மரக் கொப்பு ஒன்றை முறித்து ஆறுதலாகத் தின்றுகொண்டு. அவர் எஞ்சினை நிறுத்தி, யன்னல்களை உயர்த்தினார். “ஒருத்தரும் சத்தம் போட வாணா” என்றார் மெதுவாக.

என் வாழ்க்கையின் மிகப் பெரிய சண்டையை நான் குசுகுசுத்துப் பிடிக்க வேண்டி வந்தது அப்படித்தான்.

“நான் எட்டு வருசம் கட்டின வீடு” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. “அவன் வரமாட்டானாமா? எங்கட வீட்டுக்கு வந்தா அவன்ட மவுசு குறைஞ்சிருமா?”

“அவர் வருவார் உம்மா” என்றாள் மகள் பின்னால் இருந்து, அவளும் குசுகுசுத்து. “நான் கேட்டா வருவார். நான்தான் கேக்கல்ல.”

“என்னத்துக்குக் கேக்கல்ல?”

“எனக்கு அங்க இரிக்கத்தான் விருப்பம். நாலு வருசம் அந்தப் பக்கம் இருந்தன் உம்மா, எனக்கு அந்தக் குளிர் பிடிக்கும், அந்த இடம் பிடிக்கும். அங்க எனக்கு வேலையும் சரி வந்திரிக்கி.”

யானை காதை ஆட்டியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம். அது அடுத்த கொப்பை முறித்தது.

“இத எனக்கு முந்தியே சொல்ல வாய் இல்லயா ஒனக்கு?”

“பயம்” என்றாள். “ஒங்களுக்குப் பயமில்லாத ஆள் ஒருத்தரச் சொல்லுங்க பாப்பம். அதான் இந்த றோட்டால கூட்டி வந்தன். குளம், யானை எல்லாம் காட்டினா ஒங்களுக்கு இந்தப் பாத பழகிரும், அடிக்கடி வருவீங்க எண்டு நினைச்சன். வாப்பாதான் அப்பிடிச் செய்யச் சொன்னாரு.”

நான் திரும்பிப் புருசனைப் பார்த்த பார்வைக்கு யானையே ஓடியிருக்க வேண்டும்.

“ஒங்களுக்கும் தெரியுமா?”

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, “ஓம்” என்றார்.

“பெத்த புள்ளய இன்னொரு வீட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களா? அவ அங்க ஆரு? அடுத்தவங்கட வீட்டில, அடுத்தவங்கட குசினில, ஒரு தேத்தண்ணி குடிக்க எண்டாலும் யோசிச்சுத்தான் குடிக்கணும். அது என்ன சீவியம் எண்டு ஒங்களுக்குத் தெரியுமா?”

சொன்ன பிறகுதான் நான் யாரிடம் இதைக் கேட்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்படத் தெரிந்த மனிசன் இல்லை அவர். “தெரியும் புள்ள” என்றார். “சீவிச்சுக்கொண்டுதானே இரிக்கன்.”

யானை நின்றது. காருக்குள் சூடு ஏறியது. அவர் கையை ஸ்டியரிங்கில் வைத்தபடியே, ஏதோ வயல் கதை சொல்வது மாதிரிச் சொன்னார். மருதமுனையில் இருந்து அவரை மாப்பிள்ளையாக எடுத்து வந்த அன்று அவரின் உம்மா வாசலுக்கு வரவில்லை. குசினிக்குள் நின்றுவிட்டா.

“அழுதாவா?” என்று கேட்டேன்.

“நான் போய்ப் பாக்கல்ல. பாத்தா வந்திரிக்க மாட்டன்.”

மருதமுனை எங்கே, கல்முனை எங்கே? சைக்கிளில் போனால் வேர்க்கக்கூட நேரமில்லாத தூரம். முதல் வருசம் ஒவ்வொரு நாளும் அசருக்குப் பிறகு அவர் அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு உம்மாவிடம் தேத்தண்ணி குடிக்கப் போவார். நான் என்ன செய்தேன்? எங்கட வீட்டுத் தேத்தண்ணியில் என்ன குறை என்று முகத்துக்கு நேரே கேட்டேன். என் உம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். அடுத்த நாளிலிருந்து அவர் போகவில்லை. எனக்கு வெற்றி என்று நினைத்தேன். இருபத்தேழு வருசமாக அதை நான் திரும்ப நினைத்துப் பார்த்ததே இல்லை.

“ஏன் நிப்பாட்டினீங்க?”

“நீ ஊத்தி வெச்சிட்டுப் பாத்துக்கொண்டு நிப்பாய். ரெண்டு இடத்தில குடிக்க வயிறு காணாதே.” சிரித்தார். பிறகு, “உம்மாட வீடு இப்ப தங்கச்சிட வீடு. இது ஒன்ட வீடு. ஆம்பிளைக்கு இதுதானே எங்கட பக்கத்துல. நான் குறை சொல்லல்ல புள்ள. நீ என்ன நல்லாத்தான் பாத்தாய். ஆனா நான் வந்தன். ஒருத்தரும் என்னக் கேக்கல்ல, நான் வந்தன். இவ விரும்பிப் போகக் கேக்கா. அது பெரிய விசயம்.”

அவரின் உம்மா மௌத்தாகி மண்ணுக்குப் போய்ப் பல வருசம். அன்றைக்கு மாப்பிள்ளை எடுக்க எங்கட ஆக்கள் போனார்கள், அந்த வீட்டில் இறைச்சியும் சோறும் தின்றார்கள், பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அழாதீங்க மாமி என்று எங்களில் ஒருத்தர் குசினிக்குள் எட்டிப் பார்த்துச் சொல்லவில்லை. மலைநாட்டு மனிசி ஒருத்திக்காக நான் பத்துத் தரம் பாடம் பண்ணின பேச்சில், என் சொந்த மாமிக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அழுகையும் வந்தது. யானைக்குப் பயந்து மூக்கைக்கூடச் சிந்த முடியவில்லை.

மகள் பின்னாலிருந்து என் தோளில் நாடியை வைத்துச் சாய்ந்தாள்.

“அந்தக் குளிருக்கு நீ ரெண்டு போர்வை கொண்டு போகணும்” என்றேன். “அவங்கட கட்டில்ல ஒரு போர்வைதான் கிடந்திச்சு. நான் பாத்தன்.”

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதுவும் குசுகுசுத்துத்தான்.

எவ்வளவு நேரமோ தெரியாது. யானைக்குக் கொப்பு அலுத்துவிட்டது போல, குளத்துப் பக்கம் சரிவால் இறங்கிப் போனது. எங்களை ஒரு தரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் எஞ்சினைக் கிளப்பக் கை வைத்தார். நான் பையைத் திறந்து தோட்டுப் பெட்டியை எடுத்தேன். சிவப்பு ரிபன் கட்டின வளையத்தை அவரின் உள்ளங்கையில் வைத்தேன்.

“இது என்ன?”

“மருமகனுக்கு எண்டு வெட்டினது. கேற்றுக்கும் மேல்வீட்டுக்கும். இனி ஆருக்குக் குடுக்க?”

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். ரிபனை அவிழ்க்கவில்லை, அப்படியே சேர்ட் பையில் போட்டார். “நானும் இந்த வீட்டு மருமகன்தானே புள்ள” என்றார்.

மத்தியானம் ளுஹருக்குப் பிறகு ஊர் வந்து சேர்ந்தோம். கேற்றடியில் காரை நிறுத்தி, பழக்கத்தில் ஹோனில் கையை வைத்தார். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும், கையை எடுத்தார். இறங்கிப் போனார். ரிபன் தொங்கத் தொங்க, மேல்வீட்டுத் திறப்பைக் கேற்றுப் பூட்டில் போட்டுத் திருகினார். அது இல்லை, மற்றது என்று சொல்ல என் வாய் துடித்தது. மகள் பின்னாலிருந்து என் கையைப் பிடித்தாள். திருகினார், எடுத்தார், பார்த்தார், மற்றதைப் போட்டார். கேற் திறந்தது.